செக்ரோலிலிருந்து ஆய்வேட்டுக்கு: வேளாண் பொருளியலில் முனைவர் பட்டம்

“தோட்டத்தை விட்டு வெளியே வரணும்னுதானே உன்னைப் படிக்க வைச்சோம், மறுபடியும் தோட்டத்தைப் பத்தியா படிக்கப் போற?”

வேளாண் பொருளியலில் முனைவர் பட்டம் படிக்கப் போகிறேன் என்று மலாக்காவின் ஜாசினிலோ ஆலோர் காஜாவிலோ ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால், அம்மாவிடமிருந்து வரக்கூடிய கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் இந்தப் படிப்புக்குள் இறங்காதீர்கள்.

மரத்தை எந்தக் கோணத்தில் சீவினால் பால் நன்றாக இறங்கும் என்பது வேளாண் அறிவியலின் கவலை. ஒரு நிரைக்கு என்ன கூலி, ரப்பர் விலை சரிந்தால் நட்டம் துரை தலையில் விழுகிறதா, பால் வெட்டுபவர் தலையில் விழுகிறதா, ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டது யாருக்கு லாபம், தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது லயத்துக் குடும்பத்தின் வருமானம் ஏறியதா இறங்கியதா என்பதெல்லாம் வேளாண் பொருளியலின் கவலை. இந்தக் கேள்விகளை மலாக்காவில் நம் வீட்டுத் திண்ணைகளில் மூன்று தலைமுறையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பதிலைக் கணக்கில் எழுதி, எதிராளியும் மறுக்க முடியாதபடி நிறுத்துவதற்குத்தான் இந்தப் பட்டம்.

மலாக்காவுக்கு இதில் தனி உரிமையும் உண்டு. மலாயாவில் ரப்பரை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டவர்களில் ஒருவர் டான் சாய் யான். நட்ட இடம் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. பின்னர் அவர் புக்கிட் அசாஹானிலும் பெரிய அளவில் நட்டார். அடுத்த ஒரு தலைமுறைக்குள் லண்டன் மூலதனமும் தமிழ்நாட்டுக் கூலியும் அமெரிக்க மோட்டார் டயரும் ஒரே கணக்கில் வந்து சேர்ந்தன. விலையைத் தூக்கி நிறுத்த 1922-இல் ஸ்டீவன்சன் திட்டமும் 1934-இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும் வந்து, ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு வைத்தன. அந்த ஒதுக்கீட்டில் சிறுதோட்டக்காரர்களின் விளைச்சலைக் குறைத்து மதிப்பிட்டுப் பெருந்தோட்டங்களுக்குச் சாதகம் செய்தார்கள் என்று 1948-இல் ஒரு நூலே எழுதிக் காட்டினார் பொருளியலாளர் பி.டி. பாவர். இந்தத் துறையில் மலாயாவைப் பற்றி ஒரே ஒரு பழைய நூல்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் படியுங்கள். அவருடைய சந்தைக் கொள்கை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கணக்கு போடும் விதத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

பிராதும் கேள்வியும்

நம் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் ஆய்வு முன்மொழிவுகளில் பெரும்பாலானவை பிராதுகள். “மலாக்கா தோட்டத் தமிழர்களின் பொருளாதாரப் பின்னடைவு” என்று தலைப்பு இருக்கும். உண்மைதான், ஆனால் அது ஆய்வுக் கேள்வி ஆகாது. பின்னடைவு எதோடு ஒப்பிட்டு? எந்த ஆண்டிலிருந்து? வருமானத்திலா, சொத்திலா, பிள்ளைகளின் படிப்பிலா? எது காரணம் என்று சொல்கிறீர்கள், அந்தக் காரணம் இல்லாத இடத்தில் நிலைமை வேறாக இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அது முனைவர் ஆய்வு.

பிராது கேள்வியாக மாறிய உதாரணம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1950-களில் சுதந்திரம் நெருங்கியதும் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த அந்த விஷயத்தை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் எடுத்துக்கொண்டு, 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை அளந்து அறிக்கையாக்கினார். எத்தனை தோட்டம், எத்தனை ஏக்கர், யார் வாங்கினார்கள், துண்டான பிறகு மறுநடவும் விளைச்சலும் வேலைவாய்ப்பும் என்ன ஆயின என்று பார்த்தார். அதே காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.

இங்கே ஓர் ஆய்வுக் கேள்வி தயாராக இருப்பதைக் கவனியுங்கள். துண்டான தோட்டத்தின் குடும்பங்களும் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டத்தின் குடும்பங்களும் இரண்டு தலைமுறைக்குப் பிறகு எங்கே நிற்கிறார்கள்? நில உடைமை தொழிலாளியின் கையில் இருந்தால் அவன் பிள்ளையின் வருமானம் மாறுகிறதா? இப்படிக் கேட்டால் ஒப்பீடு கிடைக்கிறது, அளக்கும் பொருள் கிடைக்கிறது. சிக்கலும் உடனே வரும். சங்கம் எந்தத் தோட்டத்தை வேண்டுமானாலும் வாங்கிவிடவில்லை. விலை படிந்ததை, நல்ல மரம் உள்ளதை வாங்கியிருக்கும். அப்படியானால் வித்தியாசம் உடைமையால் வந்ததா, தோட்டத்தின் தரத்தால் வந்ததா? இந்தச் சந்தேகம் உங்களுக்கே முதலில் வரவேண்டும். தேர்வாளருக்கு முதலில் வந்தால் வாய்மொழித் தேர்வு நாள் மிக நீளமாக இருக்கும்.

இன்னொன்று, இன்றைக்குச் சூடானது. குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013-இல் 900 வெள்ளி என்று தொடங்கியது. 2016-இல் 1,000, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. சம்பளம் ஏறியதால் செம்பனைத் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தனவா? நிர்வாகத்தைக் கேட்டால் ஆமாம் என்பார்கள், தொழிற்சங்கத்தைக் கேட்டால் இல்லை என்பார்கள். நீங்கள் 2022-ஐ எடுத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் தப்பாகிவிடும். அந்த ஆண்டு மார்ச்சில்தான் கச்சாப் பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. கோவிட் காரணமாக எல்லை மூடி, வெளிநாட்டுத் தொழிலாளர் வராமல் குலை அழுகிக் கிடந்த காலமும் அதுதான். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் எது எதைச் செய்தது என்று எப்படிப் பிரிப்பது?

வழி தேடினால் கிடைக்கும். 2013-இல் தீபகற்பத்துக்கு 900 என்றபோது சபா, சரவாக்குக்கு 800தான். 2016-இல் 1,000-க்கு எதிரே 920. பனை எண்ணெய் விலை எல்லாருக்கும் ஒன்று, கூலி உயர்வு மட்டும் வேறு. 2020 பிப்ரவரியில் இன்னும் நல்ல வாய்ப்பு வந்தது: 56 மாநகர, நகராண்மைப் பகுதிகளுக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100. கோட்டுக்கு இந்தப் பக்கத் தோட்டம் ஒரு கூலி, அந்தப் பக்கத் தோட்டம் ஒரு கூலி. பொருளியல் மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று குதிக்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. ஒன்றரை மாதத் தரவில் ஆய்வேடு எழுத முடியாது. சபா, சரவாக் ஒப்பீட்டில்தான் உழைக்கவேண்டும், அங்கே நில அமைப்பும் ஆள் வரத்தும் வேறு என்பதற்கும் கணக்கில் இடம் கொடுக்கவேண்டும்.

இந்த மாதிரி யோசனை உங்களுக்கு அலுப்பாக இருந்தால் தப்பில்லை. சமூகவியல், வரலாறு, தொழிலாளர் சட்டம் எல்லாம் இதே தோட்டத்தை வேறு வழியில் பார்க்கின்றன. ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியலாளர் ஒரு மலாயாத் தோட்டத்திலேயே தங்கி எழுதிய நூல் 1970-இல் வந்தது. அதில் எகனாமெட்ரிக்ஸ் இல்லை, அதனால் அதன் மதிப்பு குறையவும் இல்லை.

கணிதம்

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு இளங்கலை, பிறகு முதுகலை, அதற்குமேல் இது. இளங்கலை வேளாண் வணிகமோ பொருளியலோ வேளாண் அறிவியலோ எதுவாகவும் இருக்கலாம். வேளாண் பக்கமிருந்து வருபவர்களுக்குக் கணிதம் குறையும், பொருளியல் பக்கமிருந்து வருபவர்களுக்குத் தோட்டம் தெரியாது. இரண்டில் கணிதக் குறைதான் ஆளைக் கவிழ்க்கும். வகைநுண்கணிதம், அணிகள், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் நான்கையும் முதுகலை முடிவதற்குள் சரிக்கட்டுங்கள். ஆர் என்ற மென்பொருள் இலவசம். ஸ்டாட்டா விலை கூடியது, பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். முதுகலையைப் பாடவழியில் படிப்பதா, ஆய்வுவழியில் படிப்பதா என்று கேட்டால் என் சிபாரிசு ஆய்வுவழிதான். சின்ன ஆய்வேடு ஒன்றை எழுதிப் பார்த்தவருக்குத்தான் பெரியது தனக்கு ஒத்துவருமா என்று தெரியும்.

எங்கே, யாரிடம்

மலாக்காக்காரருக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது செர்டாங். 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் பெர்த்தானியான் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய இடம். வேளாண்மைப் புலத்தில் வேளாண் வணிகம், உயிர்வளப் பொருளியலுக்குத் துறை உண்டு, வேளாண், உணவுக் கொள்கைக்குத் தனிக் கழகமும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஆயர் குரோ வந்துவிடலாம் என்பதால் களப்பணிக்கும் வசதி.

வெளிநாடு என்றால் முறையே வேறு. அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டு வகுப்பும் தகுதித் தேர்வும்தான், அதன் பிறகே ஆய்வு. மொத்தம் ஐந்து ஆண்டு பிடிக்கும், ஆனால் நல்ல துறைகள் உதவித்தொகையோடுதான் எடுக்கும். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் முனைவர் மாணவர் பெரும்பாலும் சம்பளக்காரர். செம்பனை பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் மத்தீன் கைம் என்ற ஜெர்மன் பேராசிரியரின் கட்டுரைகளைத் தேடுங்கள்; சுமத்ராவின் ஜாம்பியில் செம்பனைக்கு மாறிய சிறு விவசாயக் குடும்பங்களைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. நம் ஊருக்கு எதிர்க்கரையில் நடந்த ஆய்வு அது, முறையை அப்படியே ஜாசினுக்குக் கொண்டுவரலாம். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது; செலவு குறைவு, மொழிக் கவலை இல்லை. வெளிநாட்டுப் பட்டம் எதுவானாலும், இங்கே அரசு வேலைக்கு அது செல்லுபடியாகுமா என்று தகுதி முகமையான எம்.கியூ.ஏ.விடம் உறுதி செய்துகொள்ளாமல் கட்டணம் கட்டாதீர்கள்.

பல்கலைக்கழகப் பெயரைவிட மேற்பார்வையாளர் முக்கியம். அவர் பெயரில் வந்த கடைசி இரண்டு மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே விசாரியுங்கள். பிறகு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என் கேள்வி இது, தரவு இங்கே கிடைக்கும், இந்த முறையில் பார்க்க நினைக்கிறேன், உங்கள் இன்ன கட்டுரையோடு இந்த இடத்தில் தொடுகிறது. “எந்தத் தலைப்பு கொடுத்தாலும் செய்யத் தயார், ஐயா” என்று எழுதுவது பணிவு என்று நினைக்கிறோம். படிக்கிறவருக்கு அது சொந்த யோசனை இல்லை என்றுதான் தெரியும்.

பணம்

அறிமுகம் வேண்டாத விஷயம். மலேசியாவில் இரண்டு வழி நடைமுறையில் உதவும். ஒன்று, எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற ஆய்வு மானியம் வைத்திருக்கும் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்வது. மாதப்படி வரும், ஆனால் தலைப்பு பாதி அவருடையது. இரண்டு, பல்கலைக்கழகமோ உயர்கல்வி அமைச்சோ தரும் உதவித்தொகை. நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைத்தான் நம்பவேண்டும். பிலிப்பீன்ஸின் லாஸ் பாஞோஸில் இருக்கும் சியார்கா வேளாண் மையம் தென்கிழக்காசிய நாட்டவருக்கு வேளாண் துறைகளில் முனைவர் உதவித்தொகை தருகிறது. நம்மவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை.

இளங்கலைக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் பாக்கியையும் கணக்கில் சேருங்கள். பகுதிநேரமாகப் படிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். படிக்கலாம். செம்பனை வாரியமான எம்.பி.ஓ.பி., வேளாண் ஆய்வுக் கழகமான மார்டி, வங்கி என்று ஆய்வோடு ஒட்டிய வேலையில் இருப்பவருக்குச் சரிவரும். பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு எகனாமெட்ரிக்ஸ் படிப்பது உடம்பையும் கெடுக்கும், ஆய்வேட்டையும் கெடுக்கும்.

களத்தில்

நீங்கள் மற்ற ஆய்வாளர்களை முந்தப்போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களை விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். நிலம் யாருடையது, கூலி என்ன, கடன் யாரிடம் என்று அவர்கள் எழுதிவந்தது 1918-இல் நூலாயிற்று. அந்த ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டுக்கு 1930-களிலும் 1961-லும் 1981-லும் 2008-லும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். ஒரே ஊரின் தொண்ணூறு ஆண்டுக் கதை கணக்கோடு கிடைத்தது. சொந்த ஊரை ஆராய்வது பலவீனம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆனால் மாமா வீடு, சித்தி வீடு என்று தெரிந்த வீடுகளில் மட்டும் படிவம் நிரப்பினால், பலவீனம் என்றவர்கள் சொன்னது சரியாகிவிடும். பெயர்ப்பட்டியல் எடுத்துக் குலுக்கிப் பொறுக்குங்கள். சீட்டு விழுந்த வீடு உங்கள் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும்.

போவதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி, தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இரண்டும் கையில் இருக்கட்டும். நிர்வாகம் மறுத்தால் வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் டுரியான் துங்காலிலும் மெர்லிமாவிலும் தாமான்களில்தான் இருக்கின்றன.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் தரவே இருக்கிறது. ஒரு பாட்டியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“பாட்டி, பால்மரம் வெட்டுனப்போ மாசம் எவ்வளவு சம்பளம்?”

“என்னமோ வரும், தம்பி. மழை பேஞ்சா அதுவும் இல்ல.”

இந்தப் பதிலை வைத்து எதையும் எழுத முடியாது. அவர் வேலை செய்த வரிசையிலேயே கேளுங்கள். பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, எத்தனை மணிக்கு? ஒரு நிரையில் எத்தனை மரம்? மங்கில் எடுத்த பாலை ஸ்டோரில் எப்படி நிறுத்தார்கள், தண்ணீர் கலந்ததென்று கழித்தார்களா? ஒட்டுப்பாலுக்குத் தனிக் காசு உண்டா? இலை உதிரும் மாதங்களில் எவ்வளவு குறையும்? மழையில் வேலை நின்றால் அரைநாள் போட்டார்களா? பாலை அப்படியே நிறுத்துக் கூலி கொடுப்பதில்லை, அதிலுள்ள காய்ந்த ரப்பருக்குத்தான் கூலி, அது பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்று தெரிந்து கேட்கிற பிள்ளையைக் கண்டால் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்.

கூடவே இன்னொரு கேள்வி: “வேலைக்கு நீங்க மட்டும் போவீங்களா, பாட்டி?”

“செக்ரோல்ல தாத்தா பேருதான். நானும் கூடப் போவேன், பெரியவனும் பள்ளிக்கூடம் விட்டு வந்தா வருவான்.”

செக்ரோல் என்பது தோட்டத்தின் ஆள் சம்பளப் பதிவேடு; இந்த ஒரு பதில் உங்கள் அட்டவணையையே மாற்றிவிடும். செம்பனையிலும் இதுவே நடக்கிறது: குலை வெட்டுபவர் பெயர் ஏட்டில் இருக்கும், பின்னால் உதிரிப்பழம் பொறுக்கும் மனைவியின் பெயர் பல இடங்களில் இருக்காது. ஏட்டை மட்டும் பார்த்தால் ஒரு தொழிலாளியின் உற்பத்தித்திறன் உயர்ந்தும், மணிக்கணக்கிலான கூலி நன்றாகவும் தெரியும். உண்மையில் அது இரண்டு பேர், சில வீடுகளில் மூன்று பேர் உழைப்பு. தோட்டக் கணக்கிலிருந்து மட்டும் தரவு எடுத்து எழுதிய எந்த ஆய்வையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். இந்த வேலையைத் தமிழ் பேசத் தெரியாத ஆய்வாளரால் எளிதில் செய்ய முடியாது, நீங்கள் செய்யலாம்.

வீட்டுத் தரவோடு பொதுத் தரவைக் கோத்துக்கொள்ளுங்கள். எம்.பி.ஓ.பி. மாதந்தோறும் செம்பனை உற்பத்தி, விலை, இருப்பை வெளியிடுகிறது. புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோஸ்ம் தளத்தில் மாநில வாரியாகப் பலவும் இலவசம். கோலாலம்பூரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனிய காலத் தொழிலாளர் துறை அறிக்கைகள் உண்டு.

பட்டத்துக்குப் பின்

விரிவுரையாளர் வேலைக்குப் போட்டி கடுமை, ஒப்பந்த வேலையாகத் தொடங்கவும் நேரலாம். எம்.பி.ஓ.பி., மார்டி, ரப்பர் வாரியம், அக்ரோபேங்க், கசானா ஆய்வுக் கழகம், பெருந்தோட்ட நிறுவனங்களின் சந்தைப் பிரிவு ஆகியவை இந்தப் படிப்பைப் புரிந்துகொள்ளும் இடங்கள். பனை எண்ணெய் முன்பேர வணிகம் கோலாலம்பூரில் 1980-இலிருந்து நடக்கிறது. விலைத் தொடரை ஆராயத் தெரிந்தவருக்கு அங்கே வேலை உண்டு. பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட்டுக்கொள்வதற்காக மட்டும் என்றால் முதுகலையோடு நின்றுகொள்ளுங்கள். மூன்றிலிருந்து ஆறு ஆண்டு வரை ஆகும் வேலைக்கு அந்த ஆசை மட்டும் தாங்காது.

ஒரு வேண்டுகோள். உங்களிடம் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிய வீடுகளுக்கு, ஆய்வு சொன்னதைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கான செலவை முதல் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், கடைசி ஆண்டில் பணமும் இருக்காது, நேரமும் இருக்காது.